வலது முன்சக்கரம்

அந்தப் பெண் கடைக்குள் நுழைந்தபோது கண்ணாடிக் கடைக்காரர் ஒரு மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பியில் கடுகளவுத் திருகாணி ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டு நேரம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. வந்தவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். பாரம் தூக்கிப் பழகிய அகலமான தோள்கள். அவளுக்குப் பின்னால் வந்த ஆள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"சிவப்புக் கலர், ரெண்டு கதவு வண்டி. அது உங்களுதுதானே?"

அந்த வண்டியைப் பற்றி யார் கேட்டாலும் அவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். "என்னுதா இருந்துச்சும்மா. வித்து நாலு மாசம் ஆச்சு. ஒரு தம்பி வாங்கிட்டுப் போனார். எப்படி ஓடுதாம்?"

அவள் மேஜைமேல் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்தாள். தலையைச் சாய்த்து அழகு பார்க்கப் போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் அதை ஓங்கி அவர் நெற்றியில் அடித்தாள்.

கண்ணாடி சுக்குநூறாகிச் சட்டைக்குள்ளெல்லாம் விழுந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி எங்கோ பறந்தது. அவருக்கு மைனஸ் ஒன்பது பவர். அது இல்லாவிட்டால் நீட்டிய கையின் விரல்களை எண்ண முடியாது. குனிந்து தரையைத் தடவினார். தடவிய கைக்குப் பக்கத்தில் ஒரு செருப்பு இறங்கியது. நொறுங்கும் சத்தம் கேட்டது. பின்னால் கடையின் இரும்புக் கதவு கடகடவென்று கீழே இறங்கி மூடிக்கொண்டது.

"செத்துட்டான்டா," என்றாள் அவள், அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து நிமிர்த்தியபடி. "நீ வித்த வண்டியில என் தம்பி செத்துட்டான்."

கடைக்காரர் அந்த வண்டியை ஒன்பது வருஷம் வைத்திருந்தவர். வாங்கும்போதே அது பழசு. பணக்காரர்கள் கொட்டகையில் மூடி வைக்கிற ரகம் இல்லை. மாதச் சம்பளக்காரனும் எட்டிப் பிடிக்கிற விலை. தாழ்ந்த கூரை, நீண்ட மூக்கு, இரண்டே கதவு. பின் இருக்கையில் ஒரு கைப்பையை உட்காரவைக்கலாம், அதுவும் காலை மடக்கிக்கொள்ளும் என்றால். ஆனால் எஞ்சினின் வேகமெல்லாம் பின்சக்கரத்துக்குப் போகிற வண்டி அது. வளைவில் திரும்பும்போது இடுப்புக்குக் கீழே யாரோ தள்ளிவிடுவது போல் இருக்கும். அந்தத் தள்ளலுக்காகத்தான் அவர் ஞாயிற்றுக்கிழமைகளை அதன் அடியில் படுத்துக் கழித்தார். எஞ்சின் எண்ணெய், பின் அச்சு நடுவே தொங்கும் கியர் பெட்டிக்குத் தனி எண்ணெய், விட்டுப்போன ரப்பர்கள், துருப்பிடித்த சக்கர வளைவு என்று எல்லாம் அவர் கைதான் பார்க்கும். அவர் மனைவி அந்த வண்டியைச் 'சக்களத்தி' என்றுதான் சொல்வாள். "சக்களத்திக்கு ஊத்தற எண்ணெயில பாதியை எனக்குத் தலைக்கு ஊத்தியிருந்தா எனக்கு முடி முழங்கால் வரைக்கும் வளர்ந்திருக்கும்," என்பாள்.

கடைசியில் அவருடைய முழங்கால்தான் வில்லனாகிவிட்டது. தரையோடு தரையாக இருக்கும் இருக்கையிலிருந்து எழுந்திருக்க இரண்டு கையும் ஒரு மனைவியும் தேவைப்பட்டார்கள். விற்கிறேன் என்றதும் பலபேர் வந்தார்கள். எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தார்கள். இருபத்துநாலு வயதுப் பையன் ஒருவன் மட்டும் எஞ்சினைத் தொடவே இல்லை. வெள்ளைச் சட்டையோடு மண்ணில் மல்லாக்கப் படுத்து அடிப்பாகத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். அவனுக்கே கொடுத்தார். அப்பா அம்மா இல்லை, அக்காவும் அத்தானும்தான் வளர்த்தார்கள் என்று சொன்னான். அக்கா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பிரிவில் வேலை, அத்தான் கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறார் என்றான். ஈரத்தில் வாலாட்டும், திடீரென்று கியரை இறக்காதே என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். கூடவே, தமக்கென்று வாங்கி வைத்திருந்த புது பிரேக் பேட் டப்பா ஒன்றையும் இலவசமாகக் கையில் வைத்தார். "ரெண்டே போல்ட்டுதான் தம்பி. சின்னக் குழந்தைகூட மாத்திடும். இதுக்குப் போய் பட்டறைக்கு அலையாதீங்க."

அந்தப் பையன்தான் இப்போது இல்லை.

கையை முன்னால் சேர்த்து, பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையால் கட்டி, கடையின் பின்வாசல் வழியாக அவரை ஒரு மூடிய வேனுக்குள் தள்ளினார்கள். வாசலில் நின்றவன்தான் அத்தான்; அவன் ஓட்டினான். அக்கா அவர் மார்பின்மேல் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டாள். நெற்றி ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினால் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"பதினோரு நாள் ஆச்சு," என்றாள். "ஆஸ்பத்திரி சரிவுல இறங்கிட்டிருந்தான், என்னைக் கூட்டிட்டுப் போக. மழை. பிரேக் பிடிக்கல. நின்னுட்டிருந்த லாரிக்கு அடியில சொருகிடுச்சு. வேகமா வந்தான்னு போலீஸ்காரன் எழுதிட்டான். என் தம்பி வேகமா போற ஆளே இல்ல. என்னத்த மறைச்சு வித்தே?"

"அம்மா, சத்தியமா நான் எதையும்..."

முழங்கால் அழுத்தியது. மிச்ச வார்த்தை காற்றாகப் போய்விட்டது.

"ரெண்டு வண்டியை வெட்டி ஒட்ட வச்சிருப்பான்," என்றான் அத்தான் முன்னாலிருந்து. "இந்த மாதிரி வண்டியெல்லாம் அப்படித்தான் விப்பானுங்க. அடியில பாத்தா தெரிஞ்சுடும்." வழி முழுக்க அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தான்.

பழைய வண்டிகளை உடைக்கும் பட்டறை ஒன்றின் தகரக் கொட்டகையில் வேன் நின்றது. பட்டறைக்காரர் அத்தானுக்குப் பழக்கம். சாவியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். கொட்டகை நடுவே ஒரு சிவப்பு மூட்டம் தெரிந்தது. அவ்வளவுதான் அவர் கண்ணுக்கு எட்டியது. பக்கத்தில் போனபோது கதவுப்பக்கம் கசங்கிய காகிதம் போல் உள்ளே போயிருப்பது தெரிந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கதவேதான். இருக்கையில் கறுப்பாகக் காய்ந்திருந்ததை அவர் பார்க்கவில்லை, வாடை வந்தது. கட்டிய கைகளால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வாந்தி எடுக்கறியா?" என்றாள் அக்கா. "நான் இதுக்குள்ள கையை விட்டு அவன் செருப்பைத் தேடி எடுத்தேன். எடு வாந்தி."

கையில் இருந்த கட்டை அறுத்துவிட்டாள். "காட்டு."

"எனக்குக் கண்ணு தெரியாதும்மா. கண்ணாடி இல்லாம..."

"பிடிங்க இவன் கையை," என்றாள் புருஷனிடம்.

அத்தான் அவருடைய இடது கையை இழுத்து, நசுங்காமல் மிஞ்சியிருந்த மறுபக்கத்துக் கதவின் விளிம்பில் வைத்து மணிக்கட்டை அழுத்திப் பிடித்தான். அந்தக் கதவின் கீலுக்கு ஒன்பது வருஷமாக மாதம் ஒரு முறை எண்ணெய் விட்டவர் அவர்தான். அக்கா தள்ளியதும் அது சத்தமே போடாமல் வந்து சாத்திக்கொண்டது. சுண்டுவிரலும் மோதிர விரலும் குச்சி முறிவது போல முறிந்தன. அவர் போட்ட சத்தம் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது.

"இன்னொரு கை இருக்கு," என்றாள்.

அவர் மண்டியிட்டார். முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, நல்ல கையால் வண்டியின் அடியைத் தடவ ஆரம்பித்தார். வலியில் பல் கிட்டித்தது. ஆனால் கை அது பாட்டுக்குப் போயிற்று; அந்த இடமெல்லாம் அதற்கு மனப்பாடம். வண்டியின் அடிச்சட்டத்தில் வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. ஸ்டியரிங் கம்பிகள் மோதலில் வளைந்திருந்தன, கழன்றிருக்கவில்லை. பிரேக் எண்ணெய்க் குழாய் கசியாமல் காய்ந்திருந்தது.

"ஒட்டு எதுவும் இல்லம்மா. நீங்களே தடவிப் பாருங்க. சக்கரத்தைக் கழட்டணும். பிரேக்கைப் பாக்கணும்."

"சக்கரத்துல என்ன இருக்கு?" என்றான் அத்தான். "டைம் இழுக்கறான். யாராவது வந்துடுவாங்கன்னு பாக்கறான்."

"கழட்டுங்க," என்றாள் அக்கா.

அத்தான் ஜாக்கி வைத்தான். இடது முன்சக்கரம் கழன்றது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டை விரலால் தடவினார். இரண்டு பக்கமும் வழவழவென்று இருந்தது. அதைக் கவ்வியிருக்கும் பேட் தடிமனாக, புதிதாக இருந்தது. விற்கும்போது அது பாதி தேய்ந்திருந்ததே என்று அவருக்கு நினைவு வந்தது.

"பேட் புதுசா இருக்கே. யார் மாத்தினது?"

"இவருதான்," என்றாள் அக்கா, புருஷனைக் காட்டி. "அவன் போறதுக்கு மூணு நாள் முந்தி. நீ இனாமா குடுத்தனுப்பின டப்பாதான். ஏன், அதுவும் மட்டமான சரக்கா?"

தம்முடைய டப்பா. அவர் நகர்ந்து வலது முன்சக்கரத்துப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

அந்தச் சக்கரம் வளைந்து சிக்கியிருந்தது. அத்தான் அதைக் கடப்பாறையால் நெம்பி எடுத்தான். அவன் மூச்சு வாங்குவது கேட்டது. கடைக்காரர் டிஸ்க்கின் வெளிப்பக்கத்தைத் தடவினார், சரியாக இருந்தது. உள்பக்கம் கையை விட்டார். உழுத மண் மாதிரி வரிவரியாகப் பள்ளம். விரல் நுனி அதன் கூர்மையில் கிழிந்தது. போல்ட்டுகளைக் கழற்றச் சொன்னார். பேட்டுகளைத் தாங்கும் காலிப்பரை நெம்பித் திறந்து உள்பக்கத்து பேட்டை உருவி எடுத்தார். மூக்கு நுனிவரை கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். உரசித் தேய வேண்டிய கறுப்பு லைனிங் கைபடாத புதுசாக இருந்தது. பின்னால் இருக்க வேண்டிய இரும்புத் தகடு வழித்து எடுத்தது போல் பளபளத்தது.

மழையில் அந்தச் சரிவில் நடந்தது அவருக்குத் தெரிந்துபோயிற்று. பையன் பிரேக்கை மிதித்திருப்பான். நின்றிருக்காது. ஒரு பக்கமாக இழுத்திருக்கும். வேறு வழி இல்லாமல் கியரை இறக்கியிருப்பான். பின்சக்கரம் வழுக்கி வண்டி வாலைச் சுழற்றிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்த பக்கத்தை லாரிக்குக் கொடுத்திருக்கும்.

அவர் தலையைத் தூக்கினார். எதிரே அத்தானின் முகம் ஒரு வெளுத்த வட்டமாகத் தெரிந்தது. அடுத்த நொடி அந்த பேட்டை அவர் கையிலிருந்து பறித்து அதன் இரும்பு முனையாலேயே அவர் தாடையில் அடித்தான். கடைக்காரர் மல்லாந்து விழுந்தார். மேலே ஏறி உட்கார்ந்து இன்னும் இரண்டு அடி.

"பொய் சொல்றான்! கண்ணே தெரியாத நாயி, இவன் என்னத்தக் கண்டான்? பொய் சொல்றான்!"

"ஏங்க," என்றாள் அக்கா.

அவன் ஓங்கிய கையை அப்படியே நிறுத்தினான்.

"அவரு இன்னும் வாயே தெறக்கலையே."

அவள் குனிந்து அந்த பேட்டைப் புருஷன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவன் கொடுத்துவிட்டான்.

"நீங்க சொல்லுங்க," என்றாள் கடைக்காரரிடம். "இது என்ன?"

அவர் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார். பழசாகிப் போய்விட்டது, யார் தப்பும் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது. சொன்னால் அத்தான் தப்பிப்பான். ஒருவேளை தாமும் தப்பிக்கலாம். முப்பது வருஷமாகக் கண் பரிசோதித்து எத்தனையோ பேருக்கு, இந்தக் கண்ணில் இனி பார்வை திரும்பாது என்பதைச் சொல்லிப் பழகியவர். அதே குரல்தான் வந்தது.

"இதுல ரெண்டு பக்கம் இருக்கும்மா. கறுப்பா இருக்கறது டிஸ்க்கைத் தொடணும். இரும்பு பின்னால இருக்கணும். இதைத் திருப்பிப் போட்டிருக்காங்க. இரும்பும் இரும்பும் உரசினா வண்டி நிக்காது. சத்தம் மட்டும் வரும்."

"சத்தம்," என்றாள் அவள்.

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "சாப்பிட உக்காந்தப்போ சொன்னானே. அத்தான், பிரேக் போட்டா கிறீச்சுன்னு கத்துதுன்னு. நீங்க என்ன சொன்னீங்க? புதுசுல அப்படித்தான் இருக்கும், ரெண்டு நாள்ல அடங்கிடும்னு சொன்னீங்க. நான்தானே சோறு போட்டுட்டு நின்னேன்."

"தூறல் போட்டுச்சு," என்றான் அத்தான். "இடது பக்கம் ஒழுங்காதான் போட்டேன். இந்தப் பக்கம் வர்றப்போ தூறல் போட்டுச்சு. சீக்கிரம் முடிச்சுடலாம்னு..."

"அம்மா," என்றார் கடைக்காரர். "வீட்லயே மாத்திக்கலாம், குழந்தைகூட மாத்தும்னு சொல்லி டப்பாவைக் குடுத்தது நான்தான். எப்படிப் போடறதுன்னு காட்டிக் குடுக்கல."

அவள் காதில் அது விழவில்லை. கீழே கிடந்த கடப்பாறையை எடுத்துவிட்டிருந்தாள். அத்தான் ஓடவில்லை. அப்படியே சப்பணமிட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான். "அடிச்சுடு," என்றான்.

முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்து தோள் ஒரு பக்கமாகச் சரிந்தது. இரண்டாவது அடி முதுகில். அவன் முனகிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தான். "அவனைப் பத்து வயசுலேர்ந்து வளர்த்தேன்டா!" என்று அவள் கத்தினாள். புருஷனை அவள் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. ஈரத் துணி மூட்டைகளை நாள் முழுக்கத் தூக்கிப் போடும் கைகள் கடப்பாறையைத் தலைக்கு மேலே கொண்டுபோயின. இந்த முறை அவள் குறிபார்த்தது மண்டையை.

கடைக்காரர் தவழ்ந்து போய் அவள் இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்து இழுத்தார். அவள் குப்புற விழுந்தாள். கடப்பாறை தரையில் மோதித் தெறித்தது. திரும்பி அவர் முகத்தில் உதைத்தாள். முன்பல் ஒன்று உடைந்தது. முறிந்த விரல்கள் அவள் காலுக்கும் தரைக்கும் நடுவே நசுங்கின.

"விடுய்யா! உன்னை என்ன பண்ணேன்னு பாத்தல்ல, விடு!"

அவர் விடவில்லை. அவள் உதைத்துக்கொண்டே இருந்தாள். இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்துக்கொண்டே இருந்தார். பட்டறைக்காரர் பல் குத்திக்கொண்டு திரும்பி வந்தபோது மூன்று பேரும் அப்படித்தான் கிடந்தார்கள். அவர்தான் போலீசுக்குப் போன் செய்தார்.

நெற்றியில் பதினோரு தையல், தாடையில் நாலு, இரண்டு விரலுக்கு இரும்பு ஊசி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைக்காரரைப் பார்த்த மனைவி அழுது முடித்த பிறகு, "விட்டுட்டுப் போன பிறகும் உங்களைச் சும்மா விடலையே அந்தச் சக்களத்தி," என்றாள். "ஏங்க, உங்களைக் கொல்ல வந்தவ அவ. அவன் மேல அடி விழுந்தா உங்களுக்கென்ன? எதுக்குக் காலைப் பிடிச்சீங்க?"

"தெரியல. கைக்கு எட்டினது அந்தக் காலுதான்," என்றார்.

தம்பியைப் பறிகொடுத்தவள், பாவம், புகாரை வாபஸ் வாங்கிவிடுங்கள் என்று அவள் சொந்தக்காரர்கள் வந்து கெஞ்சினார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். வளைந்துபோன விரல்களை நீட்டிக் காட்டினார். திருகாணி ஏற்றும் வேலையை இப்போது மனைவிதான் செய்கிறாள். ஆனால் வாக்குமூலத்தில் பேட் டப்பாவைக் கொடுத்ததும், குழந்தைகூட மாற்றும் என்று தாம் சொன்னதும் இருக்க வேண்டும் என்றார். "இதெல்லாம் தேவையில்லாத விஷயம் சார்," என்றார் எழுதிய போலீஸ்காரர். "எழுதுங்க," என்றார்.

அவளுக்கு ஒன்றரை வருஷம் ஜெயில். அத்தானுக்கு நாலு மாசம்.

வெளியே வந்த அத்தான் ஒருநாள் கடைக்கு வந்தான். வலது தோள் ஒரு பிடி கீழே இறங்கியிருந்தது. கடைக்காரரின் மனைவி போனை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டாள்.

"அவ அடுத்த மாசம் வெளிய வர்றா," என்றான். "நான் வீட்ல இருக்கட்டுமா, எங்கேயாவது போயிடட்டுமா? யாரைக் கேக்கறதுன்னு தெரியல. அன்னிக்கு நீங்க அவ காலைப் பிடிக்காம இருந்திருந்தா எனக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது."

"உங்களுக்கு எப்போ தெரியும்?" என்றார் கடைக்காரர். "நான் வாயைத் தெறக்கறதுக்கு முன்னாலயே அடிச்சீங்களே. அப்போதான் தெரிஞ்சுதா?"

அத்தான் தரையைப் பார்த்தான். "அவன் செத்த அன்னிக்கே தோணுச்சு. அந்தப் பக்கம் போடறப்போ ஏதோ இடறுச்சு, தட்டி உள்ள தள்ளினேன். இருக்காதுன்னு சொல்லிக்கிட்டேன்."

"அது தெரிஞ்சுதான் என் கையைக் கதவுல வச்சுப் பிடிச்சீங்களா?"

கடைக்காரர் மேஜையைச் சுற்றி வந்து அவன் கன்னத்தில் அறைந்தார். ஐம்பத்தாறு வயது வரை யார்மீதும் கை வைக்காத மனிதர். வளைந்த கையால்தான் அடித்தார். விரல் எலும்பில் நெருப்பு ஓடியது. மறுபடியும் அடித்தார். மூன்றாவது தடவை ஓங்கும்போது மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் உதட்டோரத்து ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

"வீட்ல இருங்க," என்றார் கடைக்காரர், மூச்சு இரைக்க. "அவங்க கேக்கறப்போ பதில் சொல்ல ஆள் வேணும். இங்க சொன்னதை அங்க சொல்லுங்க. இப்போ போங்க."

அவள் திரும்பி வந்த பிறகு நடந்தது கடைக்காரருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அத்தானோடு கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவர் கண் பரிசோதனைக்கு வந்தபோது சொன்னார். வந்த அன்றைக்கே ஜன்னல் இரண்டும் உடைந்ததாம். மூன்றாம் நாள் அவன் கையில் கட்டோடு வேலைக்கு வந்தானாம். அக்கம்பக்கத்தார் கூப்பிட்டுப் போலீஸ் ஒருமுறை வந்துவிட்டுப் போயிற்றாம். ஒன்றுமில்லை, வழுக்கி விழுந்தேன் என்று அவனே சொல்லி அனுப்பினானாம். இப்போது சத்தம் அடங்கிவிட்டது, ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிறது என்றார்.

"பேசிக்கறாங்களா?" என்று கேட்டார் கடைக்காரர், அவர் கண்ணுக்கு முன்னால் லென்சை மாற்றிக்கொண்டே.

"அது தெரியல சார். ஆனா அவன் தினமும் வீட்டுக்குத்தான் போறான்," என்றார் வந்தவர், எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தபடி. "கடைசி வரி மட்டும் கலங்கலா தெரியுது. அடுத்ததைப் போடுங்க."